நரகத்தில் காலியிடம்

நாவலூரணி சிவன் கோயில் மேற்கு மண்டபத்து விதான ஓவியத்தில் முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளாக வெந்துகொண்டும் அறுபட்டுக்கொண்டும் இருந்த பாவிகள், தை மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, தண்டனைக்காலம் முடிந்துவிட்டபடியால், ஒருவர் பின் ஒருவராகத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். முதலில் இறங்கியவள் நெய்யில் கலப்படம் செய்தவள். எண்ணெய்க் கொப்பரையிலிருந்து காலைத் தூக்கி வெளியே வைத்து, சேலை முந்தானையைப் பிழிந்து உதறிவிட்டுத்தான் இறங்கினாள். விதானத்தில் ஒரு சாண் உயரமே இருந்தவர்கள் கீழே வர வர ஆள் உயரத்துக்கு வந்தார்கள். தூரத்தில் இருப்பவர் கிட்டே வந்தால் பெரிதாகத் தெரிவது உலக நடப்புதானே என்று அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்த நேரம் மண்டபத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்து, "பாத்து எறங்குங்கத்தா, மூணாவது தூணு வழுக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணியைப் போட்டாள்.

அந்த மண்டபத்தின் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சித்திரை முதல் நாள் சாமி கும்பிட்ட கையோடு ஆணும் பெண்ணும் அங்கே வந்து, கிழக்கே தலைவைத்து மல்லாந்து படுத்து, விதானத்து நரகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வருஷம் முழுக்கப் பாவம் அண்டாமல் இருக்க அது ஒரு தடுப்பூசி. ஒவ்வொரு தண்டனைக்குக் கீழும் கறுப்பு மையில் குற்றத்தின் பெயர் எழுதியிருக்கும். படுத்துக்கிடப்பவர்கள் அதில் தங்கள் குற்றத்தைத் தேடியதாக வரலாறு இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் குற்றத்தைக் கண்டுபிடித்து, "கொப்பரையில கெடக்குறவ ஒன் கொழுந்தியா சாடையாவே இருக்காள்ல" என்று மெதுவாகச் சிரித்து, மனம் சுத்தமாகி எழுந்து போவார்கள். சொர்க்கமும் அதே விதானத்தில் உண்டு. ஆனால் அது படுப்பவர்களின் தலைக்குப் பின்னால் இருந்தது, ஆகவே யாரும் பார்த்ததில்லை.

இறங்கி வந்த பதினேழு பேரையும் ஊர் ஒரு மாதத்துக்குள் ஜீரணித்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் விண்ணப்பத்தில் பழைய முகவரி என்ற இடத்தில் 'நரகம், மேற்கு மண்டபம்' என்று எழுதி, ரேஷன் கார்டுக்குச் சிபாரிசு செய்தார். கள்ளக்காதலுக்காகக் காய்ச்சிய இரும்புத் தூணில் சேர்த்துக் கட்டப்பட்டிருந்த ஜோடி, தரையில் கால் பட்டதும் ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் நடந்து போனது. முந்நூறு வருஷம் சேர்ந்திருந்தால் யாருக்குத்தான் அலுக்காது என்று ஊரில் கல்யாணமானவர்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள். விருந்தாளிக்குச் சோறு மறுத்தவன், பஸ் ஸ்டாண்டில் நின்று வெளியூர்க்காரர்களின் கையைப் பிடித்து இழுத்து வந்து சாப்பிடச் சொன்னான், அதனால் பல பேர் பஸ்ஸைக் கோட்டைவிட்டார்கள். நெய்க்காரி சுத்தமான நெய் காய்ச்சி விற்றாள். ஊரார் வாங்கி மோந்து பார்த்து, "என்னத்தா இது, நெய் வாசமே இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, வழக்கமான கடைக்கே போனார்கள்.

உடையப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் சாத்தன். விதானத்தில் அவன் ஒரு மூலையில் மண்டியிட்டிருக்க, எமகிங்கரன் ஒருவன் இடுக்கியால் அவன் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான்; கீழே 'பொய்ச்சாட்சி சொன்னவன்' என்று எழுதியிருக்கும். உடையப்பனுக்கு ஐம்பத்துநாலு வயது, பெண்டாட்டி சிவனம்மாள் இறந்து ஏழு வருஷம், வீட்டில் ஓர் அறை காலி. ஆனால் சாத்தனை அங்கே அனுப்பியதற்கு ஊர் சொன்ன காரணம் அதுவல்ல. "இனம் இனத்தோட சேரட்டும்" என்றது ஊர்.

ஏனென்றால் உடையப்பனின் தொழில் சாட்சி சொல்வது. போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே வேப்பமரத்தடியில் காலையிலேயே வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருப்பான். உள்ளேயிருந்து ஆள் வந்து கூப்பிட்டால், எங்கோ, எவன் வீட்டிலோ, எதையோ கைப்பற்றியதைத் தன் இரு கண்ணால் பார்த்ததாக வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான், பிறகு கோர்ட்டில் கூண்டேறி அதை நேரில் பார்த்தவன் போலவே சொல்லுவான். பதினாலு வருஷத்தில் முப்பத்தோரு வழக்கு. எந்த வக்கீலும் குறுக்கு விசாரணையில் அவனை அசைத்ததில்லை. 'உடையப்பன் சொன்னால் அது கல்வெட்டு' என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. அவன் பயப்பட்டதெல்லாம் ஒன்றுக்குத்தான். சித்திரை முதல் நாள் மண்டபத்தில் எல்லாரும் கண்ணை அகலத் திறந்து படுத்திருக்க, அவன் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பான். அந்த இடுக்கி அவன் கனவில் அடிக்கடி வரும், வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்காருவான்.

இப்படியிருக்க, பங்குனியில் கோயில் வெண்கலப் பாவை விளக்கு காணாமல் போயிற்று. போலீஸ் முதலில் சந்தேகப்பட்டது இறங்கி வந்தவர்களைத்தான். ஆனால் அவர்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது, அவர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செய்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள், ஒருவன் தன் அண்ணனுக்குக் கஞ்சியில் விஷம் வைத்ததை மூன்று நாள் அழுதுகொண்டே சொன்னான், எழுதியெழுதி ஸ்டேஷன் ரைட்டருக்குக் கை வீங்கி, போதும் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். விளக்கு தர்மகர்த்தா நீலகண்டத்தின் மருமகன் காரில் பட்டுத்துணி சுற்றிப் போனது ஊருக்கே தெரியும். ஊருக்கே தெரிந்த விஷயத்துக்குச் சாட்சி கிடைப்பதுதான் கஷ்டம். பஞ்சவர்ணம் ஒருத்திதான், "விளக்க நான் பாத்தேனே, கார்ல வச்சுட்டுப் போனாக" என்று வாய்விட்டுச் சொன்னாள். மறுநாள் விளக்கின் சங்கிலித்துண்டு பஞ்சவர்ணத்தின் வீட்டு அரிசிப்பானையிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்ததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் உடையப்பன்.

போடும்போது அவனுக்கு அது யார் வீட்டுப் பானை என்று தெரியாது. வெற்றுத்தாளுக்குப் பானை ஏது, அரிசி ஏது. தெரிந்தபோது அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சவர்ணம் ஏழு வருஷமாகக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு முழம் கனகாம்பரத்தை அவன் வீட்டு வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள், சிவனம்மாள் படத்துக்கு. அவன் கேட்டதும் இல்லை, காசு கொடுத்ததும் இல்லை, சிவனம்மாள் ஒருநாள் அவளுக்கு மோர் கொடுத்தாளாம், அவ்வளவுதான். பஞ்சவர்ணம் கைதாகி ஜாமீனில் வந்த மறுநாளும் வாசல் ஆணியில் பூ இருந்தது. உடையப்பன் தெருவில் இறங்கி ஓடிப்போய், "இன்னுமா எனக்குப் பூ வக்கிற?" என்றான்.

"ஒங்களுக்கு எங்கண்ணே வச்சேன்? அக்காவுக்குல்ல வச்சேன்" என்றாள் அவள். "கேஸு விசயம் அதுக்குத் தெரியுமா? பூ நின்னுட்டா என்னமோ ஏதோன்னு மருகும்." பிறகு கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "நான் உள்ள போனா எங்கப்பாவுக்குக் கஞ்சி ஊத்த ஆள் இல்லண்ணே. படுத்த படுக்கையில கெடக்காரு. அத மட்டும் யார்கிட்டயாவது சொல்லி வையுங்க" என்று போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

வீட்டுக்குள் சாத்தன் உரலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் அதிகம் பேசுவதில்லை. முந்நூறு வருஷம் இழுபட்ட நாக்கு நீண்டுபோய், அதைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொள்வதே பெரிய வேலை. உடையப்பன் இத்தனை நாளும் அவனைத் தன் தொழிலின் பெரிய ஆள் என்று நினைத்து மரியாதையாகத்தான் நடத்தி வந்தான். நரகத்தில் படம் எழுதி வைக்கும் அளவுக்கு என்ன பொய் சொல்லியிருப்பான் என்று தெரிந்துகொள்ள ஆசை. அன்றைக்கு ஆசையாக இல்லை, ஆத்திரமாகவே கேட்டான்.

"அப்படி என்னய்யா பொய் சொன்னீரு நீரு?"

"மடை விசயம்" என்றான் சாத்தன். "மழை பொய்ச்ச வருசம். பாளையத்து மணியக்காரன் கண்மாய் மடையத் தன் வயலுக்குத் திருப்பிக்கிட்டான், கீழ்வயல் பூராக் கருகிப்போச்சு. பள்ளத்தெருப் பய ஒருத்தன்தான் மடைய ஒடச்சான்னு சொல்லச் சொன்னான். நான் சபையில, மணியக்காரன்தான் திருப்புனாருன்னு சொன்னேன்."

"அது நெசமா?"

"நெசந்தான்."

"அப்ப பொய்ச்சாட்சின்னு எழுதியிருக்கு?"

"படம் எழுத வந்தவனுக்கு ஆறு மாசம் அரிசி அளந்தது மணியக்காரன்" என்றான் சாத்தன், இதில் விளங்காததற்கு என்ன இருக்கிறது என்பதுபோல. "எழுதுனவன் நல்லவன்தான். எழுதும்போதே எங்கிட்ட மன்னிச்சுக்கன்னு சொன்னான்."

"அப்ப மேல கெடந்தவுக எல்லாருமே தப்புப் பண்ணாதவுகளா?"

"சேச்சே. நெய்க்காரி கலந்தா, அண்ணனுக்கு வெசம் வச்சவன் வச்சான். சோறு மறுத்தவன் மணியக்காரன் ஆளுகளுக்கு மறுத்தான், மத்தவுகளுக்கும் மறுத்தான். எல்லாம் கலந்துதான் கெடந்தோம். இடுக்கிக்கு வித்தியாசம் தெரியாது."

மறுநாள் காலை உடையப்பன் மேற்கு மண்டபத்துக்குப் போனான். வாழ்நாளில் முதல் தடவையாக மேற்கே தலைவைத்துப் படுத்தான். நாவலூரணியில் யாரும் பார்க்காத சொர்க்கம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஒரு புஷ்பக விமானம், இருபக்கமும் சாமரம் வீசும் பெண்கள், நடுவில் தொந்தியும் தொங்குமீசையுமாக ஒருவர், கழுத்தில் ஆளுயர மாலை. கீழே 'தருமவான்' என்று எழுதியிருந்தது. வளைந்த மூக்கு, விரிந்த காது, அந்த உதட்டுச் சுழிப்பு முதற்கொண்டு தர்மகர்த்தா நீலகண்டமேதான். பத்துத் தலைமுறைக்கு முந்திய நீலகண்டம், அரிசி அளந்த அந்த மணியக்காரன். முந்நூறு வருஷமாக அதே விமானத்தில் அதே மாலையோடு உட்கார்ந்திருந்த அந்த முகத்தில், கல்யாணவீட்டில் தாம்பூலத்துக்குக் காத்திருப்பவரின் சலிப்பு இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்தபோது, எதிர்ப்பக்கம் கொப்பரைகள் காலியாகக் கிடந்தன, கிங்கரர்கள் வேலையில்லாமல் ஆயுதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவன் மட்டும் இடுக்கியைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். உடையப்பன் கண்ணை மூடவில்லை.

சித்திரை பதினெட்டாம் தேதி வழக்கு வந்தது. கூண்டேறிய உடையப்பனிடம் அரசு வக்கீல் பழகிய பாட்டை எடுத்துக்கொடுப்பதுபோல, "சங்கிலிய அரிசிப்பானையிலிருந்து எடுத்தப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்க, அப்படித்தானே?" என்றார்.

"இல்லய்யா" என்றான் உடையப்பன். "கையெழுத்து என்னுது. வெத்துத்தாள்ல வேப்பமரத்தடியில வச்சுப் போட்டேன். அந்தப் புள்ள வீட்டுக்குள்ள நான் இதுவரைக்கும் போனதில்ல. அரிசிய எதுல போட்டு வச்சிருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

அரசு வக்கீல் வேர்த்துப்போய், இவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவனை நன்றாகப் பார்த்தார்.

"உங்கள நான் பாத்திருக்கேனே. எத்தன கேஸ்ல வந்திருக்கீங்க?"

"இதோட முப்பத்திரண்டுங்கம்மா."

"அந்த முப்பத்தொண்ணுலயும் உண்மை சொல்லிட்டு, இதுல மட்டும் ஏன் பொய் சொல்றீங்க?"

உடையப்பன் அந்த முப்பத்தொன்றையும் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தான். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று டவாலி அணிந்த சேவகன் அதட்டினான். கைப்பற்றியதற்கு வேறு சாட்சி இல்லாததால் பஞ்சவர்ணம் விடுதலை ஆனாள். உடையப்பன் மேல் பொய்ச்சாட்சிக்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று தீர்ப்பின் கடைசி வரியில் எழுதப்பட்டது.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது, உடையப்பன் பொய் சொல்லிவிட்டான் என்று. "கல்வெட்டு மாதிரி இருந்த மனுசன்யா" என்று டீக்கடையில் உச்சுக்கொட்டினார்கள். "பூவுக்கு மயங்கிட்டான்" என்றார்கள். விளக்கு போன காரைப் பார்த்தவர்கள்தான் அதிகம் வருத்தப்பட்டார்கள். வேப்பமரத்தடியில் வேறொரு வெள்ளை வேட்டி வந்து உட்கார்ந்தது.

இதற்கிடையில் ஊருக்கு வேறொரு கவலை வந்திருந்தது. அந்த வருஷம் சித்திரை முதல் நாள் மல்லாந்து படுத்தவர்களுக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் வேக வேண்டிய கொப்பரை வெறுமையாகக் கிடந்தால் மனம் எப்படிச் சுத்தமாகும்? தர்மகர்த்தா நீலகண்டம் கூட்டம் போட்டு, "நரகம் காலியா இருந்தா ஊருல ஒழுக்கம் எப்படி இருக்கும்?" என்று கேட்டபோது எல்லாரும் தலையாட்டினார்கள். இறங்கி வந்தவர்களிடமே, உங்களுக்குப் பழகின இடம்தானே, மறுபடி ஏறி உட்காருங்களேன் என்று தன்மையாகக் கேட்டுப் பார்த்தார்கள். நெய்க்காரி அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தாள். பிறகு புதிய பாவிகளை எழுதுவது என்று முடிவாகி, கோயிலில் ஒரு பெட்டி வைத்து, தகுதியானவர்களின் பெயரை எழுதிப் போடச் சொன்னார்கள். மூன்றே நாளில் பெட்டி நிரம்பி வழிந்தது. மாமியார்கள் இருந்தார்கள், மருமகள்கள் இருந்தார்கள், சொந்தத் தம்பிகள் இருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் தங்கள் பெயரையே எழுதிப் போட்டிருந்தார்கள். கையெழுத்து விளங்கவில்லை என்று அவை தள்ளுபடி ஆயின. அடிபிடி வரும்போலத் தெரிந்ததும், மற்ற பதினாறு இடத்திலும் முகம் தெரியாத பொதுப் பாவிகளை எழுதிக்கொள்ளலாம் என்று நீலகண்டம் சமாதானம் செய்தார். ஓர் இடத்துக்கு மட்டும் போட்டியே இல்லை. நாக்கு பிடுங்கும் மூலைக்கு உடையப்பன் பெயர் ஏகமனதாகத் தேர்வாயிற்று. சொர்க்கத்தில் தருமவானுக்குப் பக்கத்து இருக்கையில் தன்னை எழுதிக்கொள்ள நீலகண்டம் ஏற்பாடு செய்திருந்தார்.

ஓவியன் தனசீலன் மதுரையிலிருந்து வந்து சாரம் கட்டினான். உடையப்பனின் போட்டோ ஒன்று போதும் என்று ஆள் அனுப்பினார்கள். அவன் போட்டோ கொடுக்காமல் தானே கிளம்பினான்.

"நீ ஏம்ப்பா போற?" என்றான் சாத்தன்.

"போட்டோவுல வாய் மூடியிருக்குய்யா. நாக்க எப்படிப் பாத்து எழுதுவான்?"

சாத்தன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "கேட்டுக்க. நரகத்துக்குத் தவணை உண்டு, முடிஞ்சா எறங்கிடலாம். மணியக்காரனப் பாரு, சொர்க்கத்துக்குத் தவணையே கெடையாது, எறங்க வழியில்லாம அங்கனயே உக்காந்திருக்கான். அப்பறம் அந்த இடுக்கிக்காரன் நல்ல பய. முந்நூறு வருசம் ஒண்ணா இருந்திருக்கோம். என் பேரச் சொல்லு. எடப்பக்கமாப் பிடிக்கச் சொல்லு. வலப்பக்கம் பிடிச்சா உயிர் போகும், எடப்பக்கம் அவ்வளவா நோகாது."

மண்டபத்தில் மூன்றாவது தூணருகே பஞ்சவர்ணம் பழையபடி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். சாரத்தில் ஏறுகிறவனைப் பார்த்ததும் அவள் கை நின்றது. "வேணாம்ணே, எறங்குங்க" என்றாள். "எனக்காகவா இது?" உடையப்பன், "நீ கட்டு" என்று மட்டும் சொன்னான்.

'பொய்ச்சாட்சி சொன்னவன்' என்ற பழைய எழுத்து அப்படியே இருந்தது. அதை அழித்து எழுத வேண்டிய வேலை இல்லை என்று ஓவியனுக்குச் சந்தோஷம். உடையப்பன் சாரத்துப் பலகையில் மண்டியிட்டு நாக்கை நீட்டினான். தனசீலன் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "அண்ணே, நாக்கு சரியா இருக்கு, மொகந்தான் சரியில்ல. ஏதோ பட்டம் வாங்க வந்தவுக மாதிரி இருக்கீங்க. நரகம்ணே. கொஞ்சம் பயப்படுங்க" என்றான்.

உண்மைதான். கோர்ட்டில் சொன்ன அந்த ஒரு உண்மைக்காக இங்கே வந்து நிற்பதில் உடையப்பனுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. பயப்படுவதற்காக அவன் அந்த முப்பத்தொரு வழக்குகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். சைக்கிள் திருடினான் என்று அவன் சொன்ன வாய்பேசாத ஆள். சாராயம் இருந்தது என்று அவன் சொன்ன வீட்டில் வயிற்றுப்பிள்ளையோடு நின்ற பெண். ஏழாவது வழக்கில் உள்ளே போய்த் திரும்பி வராத கிழவர், அவர் கூண்டிலிருந்து அவனைப் பார்த்துக் கும்பிட்டது. அவர்கள் வாசல் ஆணியில் யாரும் பூ மாட்டவில்லை. ஐந்தாவது ஆறாவது வழக்கிலேயே அவன் முகம் மாறத் தொடங்கி, முப்பத்தொன்றுக்கு வந்தபோது நீட்டிய நாக்கு நடுங்கியது, கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"இதான்ணே, இதான், அசையாதீங்க" என்று தனசீலன் அவசர அவசரமாகத் தீட்டினான். முகத்தை முடித்து, நாக்கை முடித்து, கடைசியாக இடுக்கியின் வாயை நாக்கின் வலப்பக்கத்தில் கவ்வ வைத்தான்.

உடையப்பனுக்கு வாய் திறந்திருந்ததால் பேச முடியவில்லை, சாத்தன் பெயரையும் சொல்ல முடியவில்லை. கிங்கரனை ஏறிட்டுப் பார்த்தான், இடப்பக்கம் கேட்பதற்கு இனி தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தான், பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். தனசீலன் தூரிகையைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது, வண்ணம் இன்னும் காயவில்லை, இடுக்கி இடப்பக்கம் மாறியிருந்தது.